கம்பத்திலிருந்து கட்டில் வரை: கேரவனில் மின்சாரம் நின்றால் எங்கே தேடுவது?

எங்கள் கேரவனில் கரண்டிகள் தொங்கும் கொக்கியில் கருகிய பிளக் ஒன்றும் தொங்குகிறது. அதன் மூன்று முனைகளில் ஒன்று மட்டும் கறுத்திருக்கும். அந்த முனையைச் சுற்றியிருந்த ரப்பர் உருகி, வழிந்து உறைந்த மெழுகு போல நிற்கும். உள்ளே வருகிறவர்கள் "இது எதற்கு?" என்று கேட்பார்கள். கேட்கட்டும் என்றுதான் மாட்டி வைத்திருக்கிறேன்.

ஒரு பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில் 22 ஆண்டுகள் உதவியாளராக இருந்தவள் நான். மாணவர்கள் ஒயர்களை இணைத்துவிட்டு, பல்பு எரியவில்லை என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். பேட்டரியில் விரலை வை, ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டே வா என்பேன். பாதி வழி வருவதற்குள் அவர்களுக்கே விளங்கிவிடும். ஓய்வு பெற்ற பிறகு நானும் கணவரும் கேரவனில் குடியேறி 7 ஆண்டுகள் ஆகின்றன. வண்டி ஓட்டுவது அவர் பொறுப்பு, மீட்டர் என் பொறுப்பு. வெளி மின்சாரம் மக்கர் செய்த ஒவ்வொரு முறையும் நான் செய்தது அந்த ஆய்வக வேலையைத்தான். மின்சாரம் எந்த வழியாக வருகிறதோ அதே வழியில், அதே திசையில், முகாம் இடத்தின் மின்கம்பத்திலிருந்து உள்ளே நடந்து வருவேன். நடுவில் குதிக்க மாட்டேன். சந்தேகத்தின் பேரில் எந்தப் பாகத்தையும் மாற்ற மாட்டேன்.

இந்த வெளி மின்சாரத்துக்குக் கரை மின்சாரம் என்று ஒரு பெயர் உண்டு. துறைமுகத்தில் நிற்கும் கப்பல் தன் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கரையிலிருந்து மின்சாரம் வாங்கிக்கொள்வதிலிருந்து வந்த பெயர் அது. நம் வண்டிகளுக்குக் கடலும் இல்லை, கரையும் இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

நான் சொல்லப்போகும் எண்கள் வட அமெரிக்க முறையின் 120 வோல்ட் கணக்கு. ஐரோப்பாவில் 230 வோல்ட். பிளக் நீல நிறத்தில், வட்டமாக, பெரும்பாலும் 16 ஆம்பியருக்கு இருக்கும். எண்களை மாற்றிக்கொண்டால் போதும், தேடும் வழி ஒன்றேதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

"விளக்கு எரிகிறது, தண்ணீர்ப் பம்பு ஓடுகிறது, ஆனால் ஏ.சி. மட்டும் வேலை செய்யவில்லை. ஏ.சி. கெட்டுவிட்டது." இதை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! கேரவனுக்குள் ஓடுவது இரண்டு தனித்தனி மின்சாரங்கள். விளக்கு, பம்பு, மின்விசிறி, ஹீட்டரின் ஊதுவிசிறி ஆகியவை 12 வோல்ட் பேட்டரியில் ஓடுபவை. ஏ.சி., மைக்ரோவேவ், சுவரில் உள்ள சாக்கெட்டுகள், வெந்நீர்க் கலனின் மின்சாரப் பகுதி ஆகியவை வெளியிலிருந்து வரும் 120 வோல்ட்டில் ஓடுபவை. இரண்டுக்கும் பாலமாக கன்வெர்ட்டர் என்ற கருவி இருக்கிறது. அது 120 வோல்ட்டை வாங்கி, 13.6 வோல்ட் அளவுக்கு இறக்கி, நேர்மின்சாரமாக்கி, பேட்டரிக்கு ஊட்டுகிறது.

ஆகவே விளக்கு எரிவது வெளி மின்சாரம் வருகிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. பிளக்கைக் கழற்றிவிட்டாலும் விளக்கு எரியத்தான் செய்யும். மைக்ரோவேவின் கடிகாரத்தைப் பாருங்கள். அது ஒளிர்ந்தால் 120 வோல்ட் உள்ளே வந்திருக்கிறது. அதுவும் இருண்டிருந்தால் கோளாறு பெரும்பாலும் வண்டிக்கு வெளியிலோ, வண்டிக்குள் மின்சாரம் நுழையும் இடத்திலோ இருக்கிறது. ஏ.சி.யின் மூடியைக் கழற்றக் கூரை மேல் ஏறுவதற்கு முன் இந்தக் கடிகாரத்தை ஒரு முறை பார்த்தால் பாதி நாள் மிச்சமாகும்.

தொடுவதற்கு முன்

வண்டி ரப்பர் டயர்களின் மேல் நிற்கிறது. வீட்டைப் போல மண்ணோடு அதற்குத் தொடர்பு கிடையாது. பிளக்கில் உள்ள எர்த் ஒயர் ஒன்றுதான் அதற்கு எர்த். அது எங்காவது அறுந்து, உள்ளே சிறிய கசிவும் இருந்துவிட்டால் வண்டியின் உலோக உடல் முழுவதும் மின்சாரம் ஏறிவிடும். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு கால் ஈரத் தரையிலும் கை கதவுப் பிடியிலுமாக ஏறுகிறாரே, அவருக்குத்தான் ஆபத்து. விரல் நுனியில் சுருக்கென்று ஏதோ உணர்ந்தேன் என்று யாராவது சொன்னால் சிரித்துக் கடந்துவிடாதீர்கள். உடனே கம்பத்தில் பிரேக்கரை அணையுங்கள். உள்ளே இருப்பவர்கள் அதுவரை இறங்க வேண்டாம்.

தொடாமலே மின்சாரத்தைக் காட்டும் பேனா வடிவ டெஸ்டர் ஒன்று என் மேல்சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். புதிய இடத்தில் பிளக்கைச் செருகிய உடனே அதை வண்டியின் உலோகப் பகுதிக்கு அருகே கொண்டுபோவேன். கூவினால் அணைத்துவிட்டுப் பிறகுதான் பேச்சு. மீட்டரிலும் பார்க்கலாம். ஒரு ஸ்க்ரூ டிரைவரை ஈர மண்ணில் ஆழக் குத்தி, மீட்டரின் ஒரு முனையை அதிலும் மறு முனையை வண்டியின் பெயிண்ட் இல்லாத உலோகத்திலும் வையுங்கள். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைத் தேட வேண்டும்.

மீட்டரின் முனைகளை உயிருள்ள சாக்கெட்டில் விடத் தயக்கமாக இருந்தால் அந்தத் தயக்கத்துக்கு மதிப்புக் கொடுங்கள், மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். ஆய்வகத்தில் நான் அதிகம் பயந்தது தயங்கும் மாணவர்களைப் பார்த்து அல்ல.

கம்பத்தில்

முகாம் இடங்களில் ஒவ்வொரு வண்டிக்கும் இடுப்பளவு உயரத்தில் ஒரு மின்கம்பம் நிற்கும். அதன் பெட்டியைத் திறந்தால் பிரேக்கர்களும் சாக்கெட்டுகளும் இருக்கும். திறக்கும்போது முகத்தைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். குளவிகளுக்கு அந்தப் பெட்டி மிகவும் பிடிக்கும்.

முதலில் பிரேக்கர். டிரிப் ஆன பிரேக்கர் முழுவதும் கீழே விழாது, நடுவில் நிற்கும். அவசரமாகப் பார்த்தால் ஆன் போலவே தெரியும். நடுவிலிருந்து அதை நேரே மேலே தள்ளினால் பிடிக்காது. முதலில் ஆஃப் பக்கம் 'டக்' என்று கேட்கும்வரை அழுத்தி, பிறகு ஆன் செய்ய வேண்டும். அவ்வளவுதான். இதைத் தெரியாமல் "கம்பம் செத்துவிட்டது" என்று அலுவலகம்வரை நடந்துபோனவர்கள் உண்டு. அவர்களில் என் கணவரும் ஒருவர், பெயரைச் சொல்லக்கூடாது என்பது அவர் வேண்டுகோள்.

ஒருமுறை ஆன் செய்யலாம். மீண்டும் விழுந்தால் மறுபடி முயலாதீர்கள். அது எதையோ சொல்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு வெறும் கம்பத்தில் ஆன் செய்து பாருங்கள். அப்போதும் நிற்காவிட்டால் கம்பத்தின் கோளாறு. நின்றால் உங்கள் பக்கம்.

அடுத்தது அளப்பது. பிரேக்கர் ஆஃபில் இருக்கும்போது மீட்டர் முனைகளைச் சாக்கெட்டில் செருகிவிட்டு, பிறகு ஆன் செய்வது என் வழக்கம். 30 ஆம்பியர் சாக்கெட்டில் மூன்று துளைகள்: வட்டமானது எர்த், சாய்ந்த இரண்டும் பேஸ், நியூட்ரல். மூன்று அளவுகள் எடுக்க வேண்டும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையேயும் அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பூஜ்யம், அதிகம் போனால் ஓரிரண்டு வோல்ட். முதல் அளவு சரியாக இருந்து, இரண்டாவது 50, 60 என்று மிதந்தால் எர்த் அறுந்திருக்கிறது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 120 காட்டினால் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. இரண்டிலும் வண்டியை இணைக்க வேண்டாம், வேறு இடம் கேளுங்கள்.

மூன்று விளக்குகள் உள்ள சிறிய செருகு டெஸ்டர் பலரிடம் இருக்கிறது. நல்ல கருவிதான், ஆனால் அதற்கு வோல்ட் எண்ணத் தெரியாது. 100 வோல்ட் வந்தாலும் "எல்லாம் சரி" என்றே அது சொல்லும்.

இங்கே ஒரு விபத்தைச் சொல்லியாக வேண்டும். 30 ஆம்பியர் சாக்கெட் 120 வோல்ட்டுக்கானது. வீட்டில் கேரவனுக்கென்று ஒரு சாக்கெட் வைக்கச் சொன்னால், 30 ஆம்பியர் என்ற சொல்லைக் கேட்டதும் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கானது என்று நினைத்து 240 வோல்ட் இணைத்துவிடுகிற மின்பணியாளர்கள் இருக்கிறார்கள். பிளக் அழகாகப் பொருந்தும். மைக்ரோவேவ், கன்வெர்ட்டர், தொலைக்காட்சி என்று வரிசையாகப் புகையும். புதிதாக வைத்த சாக்கெட்டை அளக்காமல் ஒருபோதும் வண்டியைச் செருகாதீர்கள், வைத்தவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் சரி.

50 ஆம்பியர் சாக்கெட்டில் நான்கு துளைகள். வட்டமானது எர்த், அதற்கு நேர் எதிரே இருப்பது நியூட்ரல், பக்கவாட்டில் இருக்கும் இரண்டும் இரு பேஸ்கள். ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120, இரு பேஸ்களுக்கும் இடையே 240. பெயரைப் பார்த்தால் 30ஐவிடக் கொஞ்சம் பெரியது போலத் தோன்றும். 30 ஆம்பியரில் கிடைப்பது 3,600 வாட். 50 ஆம்பியரில் இரு பேஸ்களிலும் சேர்த்து 12,000 வாட். மூன்று மடங்குக்கும் மேல். இந்த வண்டிகளில் பாதி வண்டி மட்டும் உயிரோடு இருந்தால், உதாரணமாக முன் ஏ.சி. ஓடுகிறது, பின் ஏ.சி. செத்துக் கிடக்கிறது என்றால், ஒரு பேஸ் வரவில்லை என்று முதலில் சந்தேகியுங்கள்.

பேஸ் போனால் சாதனங்கள் ஓடாது, அதோடு சரி. 50 ஆம்பியரில் நியூட்ரல் போனால்தான் கொடுமை. இரு பேஸ்களுக்கும் நடுவே இருந்த ஆதாரம் அறுந்துவிட்டதால் 240 வோல்ட்டும் இரு பக்கச் சாதனங்களுக்கும் தாறுமாறாகப் பங்காகும். ஒரு பக்கம் 80, மறுபக்கம் 160 என்று போகலாம். சுவர்ச் சாக்கெட்டுகளில் செருகிய விளக்குகளில் சில மங்கி, சில வழக்கத்துக்கு மீறிப் பிரகாசித்தால், அளந்துகொண்டு நிற்காமல் ஓடிப்போய்க் கம்பத்தில் அணையுங்கள்.

பிளக், கேபிள், வண்டியின் வாய்

என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட கோளாறுகள் இந்த மூன்று இடங்களில்தான். உலோகமும் உலோகமும் சேருகிற இடங்கள் இவை. கம்பத்தின் சாக்கெட்டில் பலர் செருகிச் செருகி உள்ளிருக்கும் பிடி தளர்ந்திருக்கும். பிளக்கின் முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். வண்டியின் வாய் என்று நான் சொல்வது கேபிள் வண்டிக்குள் நுழையும் இடத்தை; அங்கே திருகிப் பூட்டும் இணைப்பைச் சிலர் முக்கால்வாசிதான் திருகியிருப்பார்கள்.

ஒரு சிறு கணக்கு. தளர்ந்த ஓர் இணைப்பில் 0.1 ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 ஆம்பியர் ஓடினால் அங்கே குறைவது 2.5 வோல்ட். மீட்டரில் பார்த்தால் அலட்சியப்படுத்தத் தோன்றும் எண். ஆனால் அந்த இடத்தில் வெப்பமாக வெளியேறுவது 25 x 25 x 0.1, அதாவது 62.5 வாட். பழைய 60 வாட் குண்டு பல்பை அரை மணி நேரம் எரியவிட்டுக் கையால் பிடிக்க முடியுமா? அந்தச் சூடு முழுவதும் ஒரு பித்தளை முனையில், ரப்பருக்குள். கொக்கியில் தொங்கும் என் பிளக்கின் கதை இதுதான். அவ்வளவு சூட்டிலும் பிரேக்கர் விழவில்லை. பிரேக்கர் ஆம்பியரை எண்ணும், சூட்டை முகர்ந்து பார்க்காது. 30 ஆம்பியருக்குக் கீழே இருக்கும்வரை பிளக் உருகி வழிந்தாலும் அதற்குச் சம்மதமே.

ஆகவே ஏ.சி. ஓடத் தொடங்கி அரை மணி நேரம் கழித்து வெளியே போய், பிளக்கின் ரப்பர் உடலைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். உலோகத்தைத் தொட வேண்டாம். இளஞ்சூடு சாதாரணம். கையை எடுக்கத் தோன்றினால் அணைத்து, ஆறவிட்டு, கழற்றிப் பாருங்கள். லேசான கறை என்றால் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, மின்முனைகளுக்கான தெளிப்பானால் கழுவலாம். நிறம் மாறி ரப்பர் உருகியிருந்தால் தேய்ப்பதில் பயன் இல்லை. சூடேறிய பிடி தன் இறுக்கத்தை இழந்துவிடும், மறுபடி சூடேறும். இது தொற்றுநோய் போலப் பரவும் என்பதையும் நினைவில் வையுங்கள். கருகிய சாக்கெட்டில் புதிய பிளக்கைச் செருகினால் அந்தப் பிளக்கும் கருகும். அதைக் கொண்டுபோய் நல்ல சாக்கெட்டில் செருகினால் அதுவும் கெடும். மாற்றினால் இரு பக்கமும் மாற்றுங்கள். இதற்காகவே செருகும்போதும் பிடுங்கும்போதும் முதலில் கம்பத்தின் பிரேக்கரை அணைக்க வேண்டும். லோடோடு பிடுங்கினால் எழும் பொறி ஒவ்வொரு முறையும் முனையைக் கொஞ்சம் தின்கிறது.

பார்வைக்குப் படாத இடம் ஒன்று உண்டு. அது எனக்கு இரண்டு நாள் தண்ணி காட்டியது. எங்கள் ஏ.சி. கிளம்பும்போது உறுமும், சாக்கெட்டில் செருகிய விளக்கு துடிக்கும், பிறகு அது அமைதியாகிவிடும். பழுது பார்ப்பவர் ஒருவர் வந்து ஏ.சி.யின் கெபாசிட்டரை மாற்றினார். ஒரு நாள் ஓடியது. மறுநாள் மீண்டும் உறுமல். அடுத்து கம்ப்ரசரையே மாற்ற வேண்டும் என்றார். நன்றி சொல்லி அனுப்பிவிட்டு மீட்டரை எடுத்தேன். முதல் நாளே அதைச் செய்யாமல் போனதற்கு இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

15 ஆம்பியர் அளவுக்கு லோடு வைத்துவிட்டுக் கம்பத்தில் அளந்தேன்: 116 வோல்ட். வண்டிக்குள் ஒரு சாக்கெட்டில் அளந்தேன்: 110. நடுவில் 6 வோல்ட் காணவில்லை. கேபிள் தின்றிருக்குமா? 30 ஆம்பியர் கேபிளில் இருப்பது 10 கேஜ் ஒயர் (கேஜ் என்பது பருமன் எண், எண் கூடினால் ஒயர் மெலியும்). ஆயிரம் மீட்டருக்கு 3.3 ஓம் அதன் தடை. எங்கள் கேபிள் 9 மீட்டர், போக வர 18 மீட்டர். கணக்குப் போட்டால் 1 வோல்ட்டுக்குள்தான் வருகிறது. மீதி 5 வோல்ட் வேறு எங்கோ விழுகிறது. 5 வோல்ட், 15 ஆம்பியர்: 75 வாட் சூடு எங்கோ ஒளிந்துகொண்டிருக்கிறது! கம்பத்தில் அணைத்து, பிளக்கைக் கழற்றி, வண்டியின் வாய்ப் பகுதியைச் சுவரிலிருந்து வெளியே இழுத்துப் பார்த்தேன். அதன் பின்புறம் வெள்ளை ஒயரை, அதாவது நியூட்ரலை, பிடித்திருந்த ஸ்க்ரூ விரலாலேயே சுழன்றது. சாலையின் குலுக்கலில் தளர்ந்திருக்கிறது. ஒயரின் நுனி பழுப்பேறி முறுகியிருந்தது. ஏ.சி. கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு ஆம்பியரை இழுக்கும். அந்தக் கணத்தில் அந்த ஸ்க்ரூவில் விழுந்த வோல்ட்டும் அத்தனை மடங்கு. கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் திணறியதற்கு அதுவே காரணம். கருகிய நுனியை வெட்டி, புதிதாகச் சீவி, இறுக்கினேன். பழைய கம்ப்ரசர் இன்றும் ஓடுகிறது.

அன்றிலிருந்து நீண்ட பயணத்துக்குப் பிறகு அந்த ஸ்க்ரூக்களை இறுக்கிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பிரேக்கர் பெட்டிக்குள் உள்ளவற்றையும்தான். எல்லாம் கம்பத்திலிருந்து கழற்றிய பிறகு.

நீட்டிப்புக் கேபிள் பற்றி ஒரு சொல். தோட்டத்துக்குப் பயன்படுத்தும் மெல்லிய கேபிளில் ஏ.சி.யை ஓட்டாதீர்கள். 16 கேஜ் ஒயருக்கு ஆயிரம் மீட்டரில் 13 ஓமுக்கு மேல் தடை. 15 மீட்டர் நீளக் கேபிளில் 13 ஆம்பியர் ஓடினால் அதிலேயே 5 வோல்ட் காலி. மிஞ்சிய கேபிளைச் சுருட்டி வைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும். விரித்துப் போடுங்கள், கால் தடுக்கினாலும் பரவாயில்லை.

உள்ளே நுழைந்தபின்

வண்டியின் வாயில் 120 வோல்ட் இருக்கிறது, பிரேக்கர் பெட்டியில் இல்லை என்றால் நடுவில் நிற்பது மாற்றுச் சுவிட்சு அல்லது வோல்ட் தவறினால் மின்சாரத்தை அறுக்கும் பாதுகாப்புக் கருவி. ஜெனரேட்டர் உள்ள வண்டிகளில் வெளி மின்சாரமா, ஜெனரேட்டரா என்று தேர்ந்தெடுக்கும் தானியங்கிச் சுவிட்சு இருக்கும். அது 'டட டட' என்று அடித்துக்கொண்டால் வோல்ட் குறைவாக இருக்கலாம், அல்லது அதன் முனைகள் தேய்ந்திருக்கலாம். பாதுகாப்புக் கருவி இருந்தால் கொஞ்சம் பொறுமை வேண்டும். சில கருவிகள் ஏ.சி.யின் கம்ப்ரசரைக் காக்க 2 நிமிடத்துக்கும் மேலாகக் காத்திருந்துதான் மின்சாரத்தை உள்ளே விடும். அந்த 2 நிமிடத்தில் பெட்டியைப் பிரித்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

இன்வெர்ட்டர் உள்ள வண்டியில் ஏ.சி. ஓடி, சுவர்ச் சாக்கெட்டுகள் மட்டும் செத்திருந்தால் இன்வெர்ட்டரின் உடம்பிலேயே ஒரு குட்டி பிரேக்கர் பொத்தான் இருக்கும், அதைப் பாருங்கள்.

பிரேக்கர் பெட்டியில் முதன்மை பிரேக்கர் விழுந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் அது கூட்டல் கணக்கில் பிழை. ஏ.சி. ஓடும்போது 13 முதல் 15 ஆம்பியர். வெந்நீர்க் கலனின் 1,440 வாட் கம்பி 12 ஆம்பியர். மைக்ரோவேவ் 12 அல்லது 13. பேட்டரி வற்றியிருந்தால் கன்வெர்ட்டர் தனியாக 6, 7 கேட்கும். இவற்றில் மூன்று சேர்ந்தாலே 30ஐத் தாண்டிவிடும். நீண்ட நேரம் ஓடும் லோடை 24 ஆம்பியருக்குள், அதாவது 80 சதவீதத்துக்குள் வைப்பதே முறை. எங்கள் வீட்டில் தலைமுடி உலர்த்தியை எடுப்பவர் முதலில் "வெந்நீரை அணைத்தாயா?" என்று குரல் கொடுக்க வேண்டும்.

மின்கசிவு பிரேக்கர்

குளியலறைச் சாக்கெட்டின் நடுவில் இரண்டு பொத்தான்கள் இருக்கும், ஜி.எஃப்.சி.ஐ. என்று சொல்வார்கள். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் 5 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறுபட்டாலே அது அறுத்துவிடும். அதன் பின்னால் சமையலறை, வெளிப்புறம் என்று பல சாக்கெட்டுகள் தொங்கிக்கொண்டிருக்கும். ஆகவே சமையலறைச் சாக்கெட் செத்தால் குளியலறைக்குப் போங்கள். வெளிப்புறச் சாக்கெட்டில் மழைநீர் புகுந்திருந்தால் ஈரம் காயும்வரை அந்தப் பொத்தான் நிற்காது.

இதைவிடச் சிக்கலானது வேறொன்று. வண்டியை ஒரு வீட்டின் சாதாரணச் சாக்கெட்டில் செருகியதும் வீட்டின் மின்கசிவு பிரேக்கர் விழும், முகாம் கம்பத்தில் விழாது. "வீட்டு பிரேக்கர்தான் கெட்டது" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். முகாமின் 30 ஆம்பியர் பிரேக்கருக்குப் பெரும்பாலும் கசிவைப் பார்க்கும் கண் கிடையாது. வீட்டுச் சாக்கெட்டுக்கு உண்டு. கசிவு இரண்டு இடத்திலும் இருக்கிறது, ஒன்றுதான் சொல்கிறது.

தேடும் முறை இது. வண்டிக்குள் எல்லா பிரேக்கர்களையும் அணையுங்கள். வெளியே செருகுங்கள். விழவில்லை என்றால் உள்ளே ஒவ்வொன்றாக ஆன் செய்யுங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ அந்தச் சுற்றில் கசிவு. என் பந்தயம் வெந்நீர்க் கலனின் மேல். தண்ணீர் இல்லாமல் அதன் சுவிட்சைப் போட்டிருந்தால் கம்பி வெடித்துத் தண்ணீரிலேயே மின்சாரம் கசியும். ஒயர்களைக் கழற்றிவிட்டு மீட்டரில் பாருங்கள். நல்ல கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே 10 ஓம் அளவில் இருக்கும். முனைக்கும் கலனின் உடலுக்கும் இடையே எந்தத் தொடர்பும் இருக்கக்கூடாது.

எல்லா பிரேக்கர்களையும் அணைத்த பிறகும் விழுகிறதா? பலர் இங்கேதான் குழம்பிப்போகிறார்கள். இந்த வண்டிகளில் கிளை பிரேக்கர் பேஸை மட்டுமே அறுக்கிறது, நியூட்ரல் எப்போதும் இணைந்தே இருக்கிறது. எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் பிரேக்கர்களை அணைப்பதால் அது மறையாது. கேரவனுக்குள் அந்த இரண்டும் சேரவே கூடாது; மின்சாரம் தரும் பக்கத்தின் முதன்மைப் பலகையில்தான் சேர வேண்டும். யாராவது புதிதாகச் சாக்கெட் வைத்து இரண்டையும் ஒரே பட்டையில் முடுக்கியிருக்கலாம், அல்லது சுவருக்குள் ஏதாவது ஆணி வெள்ளை ஒயரைத் துளைத்திருக்கலாம். நியூட்ரல்களைப் பட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றித் தேட வேண்டும். பிளக் வெளியே இருக்கும்போது.

வோல்ட் தேய்வது

காலையில் எல்லாம் நன்றாக ஓடி, வெயில் ஏறியதும் தடுமாறுகிறதா? முகாமில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏ.சி.யைப் போட்டிருப்பார்கள். இது உங்கள் கோளாறு அல்ல, ஆனால் சாகப்போவது உங்கள் ஏ.சி. வோல்ட் குறையும்போது கம்ப்ரசர் அதிக ஆம்பியர் இழுத்துச் சூடாகும். நான் 108க்குக் கீழே இறங்கினால் வெந்நீரையும் மற்ற பெரிய லோடுகளையும் நிறுத்துவேன். 104க்கு வந்தால் ஏ.சி.யையும் நிறுத்திவிடுவேன். பல பாதுகாப்புக் கருவிகளும் 104இல்தான் அறுக்கின்றன. மேலே 132 எல்லை. சாக்கெட்டில் செருகிவைக்கும் சிறு வோல்ட் காட்டி ஒன்று எங்கள் சாப்பாட்டு மேசைக்கு எதிரே இரவும் பகலும் எரிகிறது. கணவர் செய்தி பார்க்கிறார், நான் அதைப் பார்க்கிறேன்.

லோடு இல்லாமல் அளந்த வோல்ட்டை நம்பாதீர்கள். தளர்ந்த இணைப்பும் லோடு இல்லாதபோது 120 காட்டும். ஏ.சி.யை ஓடவிட்டு மறுபடி அளவெடுத்தால்தான் அது பேசும்.

12 வோல்ட் பக்கம்

வெளி மின்சாரம் ஒழுங்காக வந்தும் விளக்குகள் மங்கினால் கன்வெர்ட்டரைப் பாருங்கள். அதற்கான பிரேக்கர் ஆனில் இருக்கிறதா? அதன் விசிறி ஓடும் ஓசை கேட்கிறதா? வெளியேறும் முனைகளில் 13.6 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பேட்டரியைத் தலைகீழாக மாட்டியிருந்தால் அதற்கென்றே உள்ள பெரிய பியூஸ்கள் எரிந்திருக்கும். ஒரு கணம் மாற்றித் தொட்டாலே போதும்.

பேட்டரி முனைகளில் அளப்பது இன்னும் முக்கியம். இரவு முழுவதும் பிளக் செருகியிருந்து, காலையில் பேட்டரியில் 12.1 வோல்ட் காட்டினால் அது பாதி வற்றிய ஈயப் பேட்டரி. சார்ஜ் அதை எட்டவே இல்லை. எங்களுக்கும் ஒருமுறை இப்படித்தான். கன்வெர்ட்டரில் 13.6, பேட்டரியில் 12.1. பிளக் செருகியிருக்கும்போது விளக்குகள் பிரமாதமாக எரியும். பிளக்கை எடுத்தால் இருட்டு. கணவர் புதுப் பேட்டரிக்கு அளவெல்லாம் பார்த்துக் குறித்துவைத்துவிட்டார். நான் கன்வெர்ட்டரிலிருந்து பேட்டரிவரை ஒயர் போகும் வழியிலேயே தவழ்ந்து போனேன். படியின் ஓரத்தில், வண்டியை நிறுத்திவைக்கும் காலத்தில் பேட்டரியைத் துண்டித்து வைக்கும் சுவிட்சு இருக்கிறது. ஆஃபில் கிடந்தது. படியில் உட்கார்ந்து ஷூ மாட்டும் ஒருவரின் முழங்கால் சரியாக அந்த உயரத்தில் வருகிறது. இப்போது அந்தச் சுவிட்சின் மேல் ஒரு பாட்டில் மூடியை ஒட்டி வைத்திருக்கிறோம்.